திமோதி ஸ்பென்சர் வழக்கில் டிஎன்ஏ செய்ததும் செய்யாததும்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் டிஎன்ஏ சாட்சியத்தின் பேரில் தண்டிக்கப்பட்டு, முதன்முதலில் மரண தண்டனைக்கு உள்ளானவன் திமோதி ஸ்பென்சர் என்று படித்தேன். 1987இல் டிஎன்ஏ தரவுத்தளமே கிடையாதே, பிறகு எப்படி அவனைப் பிடித்தார்கள்? அந்தக் காலத்துச் சோதனையை நம்பி ஒருவனைக் கொன்றது சரிதானா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, ஆளைக் கண்டுபிடித்தது யார். இன்னொன்று, கண்டுபிடித்த ஆள்தான் குற்றவாளி என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதல் கேள்விக்கு நேரடி விடை: ஸ்பென்சரைக் கண்டுபிடித்தது டிஎன்ஏ இல்லை. ஒரு துப்பறிவாளரின் நினைவும், சிறைக் கோப்புகளும், ஒரு விடுதியின் வருகைப் பதிவேடும்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டின் தென்பகுதியில் இரண்டு பெண்கள் தங்கள் வீட்டிலேயே வன்புணர்வு செய்யப்பட்டு, கழுத்து இறுக்கிக் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் அருகிலிருந்த செஸ்டர்ஃபீல்ட் வட்டாரத்தில் 15 வயதுப் பள்ளி மாணவி. டிசம்பர் முதல் நாள், அங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர் வடக்கே ஆர்லிங்டனில் நான்காவது பெண்ணின் உடல் கிடைத்தது. நான்கிலும் முறை ஒன்றுதான்: ஜன்னல் வழியாக உள்ளே வருவது, கைகளைக் கட்டுவது, கழுத்தில் சுருக்கு. கைரேகை இல்லை, பார்த்த சாட்சி இல்லை. விட்டுப்போனது விந்துக் கறை மட்டும்.

ஆர்லிங்டன் துப்பறிவாளர் ஜோ ஹோர்காஸுக்கு இந்த நான்காவது கொலை வேறொன்றை நினைவூட்டியது. 1984 ஜனவரியில் அதே பகுதியில் ஒரு பெண் வழக்கறிஞர் ஏறக்குறைய இதே முறையில் கொல்லப்பட்டிருந்தார். ஆனால் அந்த வழக்கு முடிந்துபோன வழக்கு. டேவிட் வாஸ்க்வெஸ் என்பவர் அதற்காகச் சிறையில் இருந்தார். அறிவு வளர்ச்சி குறைந்த மனிதர். விசாரணையில் போலீஸ் கொடுத்த தகவல்களையே திரும்பச் சொல்லி, கனவில் கண்டது போல ஒரு வாக்குமூலம் கொடுத்திருந்தார். மரண தண்டனைக்குப் பயந்து 1985இல், விசாரணையைத் தவிர்த்துக் குறைந்த தண்டனையை ஏற்கும் ஒப்பந்தத்துக்கு உடன்பட்டார், 35 ஆண்டுத் தண்டனை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சம்பவ இடத்து விந்துவின் ரத்த வகை அவருடையதோடு பொருந்தவில்லை என்பது அப்போதே தெரியும். பொருந்தவில்லை என்றதும் ஆளை விட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், கூட இன்னொருவன் இருந்திருப்பான் என்று முடிவு கட்டினார்கள். அறிவியல் சாட்சியம் வாக்குமூலத்துக்கு எதிராக நின்றால், வளைக்கப்படுவது பெரும்பாலும் அறிவியல்தான். இன்றும் அது மாறிவிடவில்லை.

ஹோர்காஸ் அந்த இரண்டாவது ஆளைத் தேடவில்லை. ஒரே ஆள்தான், அவன் வாஸ்க்வெஸ் இல்லை என்ற கோணத்தில் யோசித்தார். 1984 கொலைக்கு முந்தைய மாதங்களில் அதே பகுதியில் முகமூடி அணிந்த ஒருவன் வீடு புகுந்து பெண்களைத் தாக்கிய தொடர் புகார்கள் இருந்தன. கொலைக்குப் பிறகு அவை நின்றுவிட்டன. 1987 செப்டம்பரில் ரிச்மண்டில் கொலைகள் தொடங்கின. இடையில் மூன்றரை ஆண்டு வெற்றிடம். இப்படிப்பட்ட ஆள் தானாக நிறுத்துவது அரிது. ஆகவே அவன் உள்ளே இருந்திருக்க வேண்டும். 1984 தொடக்கத்தில் வடக்கு வர்ஜீனியாவில் கைதாகி, 1987 செப்டம்பரை ஒட்டி ரிச்மண்டில் வெளியே வந்தவர்கள் யார் என்று கோப்புகளைப் புரட்டினார். கூடவே, பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் தான் அறிந்திருந்த ஒரு பையனின் பெயரும் நினைவுக்கு வந்தது. ஸ்பென்சர் 1984 ஜனவரி இறுதியில், அந்தக் கொலை நடந்து சில நாட்களிலேயே, அலெக்ஸாண்ட்ரியாவில் திருட்டு வழக்கில் கைதானவன். 1987 செப்டம்பர் தொடக்கத்தில் ரிச்மண்டில் ஒரு இடைக்கால விடுதிக்கு அனுப்பப்பட்டிருந்தான். சிறையிலிருந்து வருபவர்கள் வேலைக்குப் போய்வந்து இரவில் தங்கும் இடம் அது. முதல் கொலைகள் நடந்த வீடுகள் அங்கிருந்து நடந்துபோகும் தூரம்.

விடுதியில் யார் எப்போது வெளியே போனார், எப்போது திரும்பினார் என்று பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். கொலை நடந்த இரவுகளையும் அந்தப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எந்த இரவும் அவனை விலக்கவில்லை. நவம்பர் இறுதியில் நன்றி நவிலல் நாள் விடுமுறைக்கு, ஆர்லிங்டனில் இருந்த தாய் வீட்டுக்கு அவனுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. நான்காவது கொலை நடந்தது அந்த நாட்களில்தான். 1988 ஜனவரி 20 அன்று கைது. அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். ஆளைக் கண்டுபிடித்த பிறகு ஒப்பிடும் கருவியாகத்தான் டிஎன்ஏ உள்ளே வருகிறது. இங்கிலாந்தில் இதே காலத்தில் நடந்த காலின் பிட்ச்ஃபோர்க் வழக்கும் இதே கதைதான். லெஸ்டர்ஷயரில் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்தம் எடுத்தும் அவன் தப்பினான், தன் பெயரில் வேறொருவரை மாதிரி கொடுக்க வைத்திருந்தான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியது காதில் விழுந்ததால்தான் மாட்டினான். ஆனால் அதே வழக்கில், பொய்யாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு இளைஞனை முதலில் விடுவித்தது டிஎன்ஏதான். விலக்குவதில் அதற்கு உள்ள வலிமையைத் தனியாகக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி சோதனை. அதற்கு முன்பு வரை ஆய்வகங்களில் இருந்தது ரத்த வகையும் சில நொதிகளின் வகையும் மட்டும்தான். எல்லாம் சேர்த்தாலும், மக்களில் கணிசமான பங்கினருக்குப் பொருந்தும் ஒரு முடிவுதான் கிடைக்கும். ஸ்பென்சர் அந்தப் பங்கில் இருந்தான், அவ்வளவுதான். அதைவைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அலெக் ஜெஃப்ரிஸ் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984இல் கண்ட டிஎன்ஏ ரேகை முறை அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஃப்ளோரிடாவில் ஒரு வன்புணர்வு வழக்கில் 1987இல் முதல் தண்டனை கிடைத்திருந்தது. அரசு ஆய்வகங்களில் வசதி இல்லை. மாதிரிகள் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லைஃப்கோட்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போயின.

அங்கே நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்பகத்தன்மை பற்றிய விடை அதற்குள்தான் இருக்கிறது. கறை படிந்த துணியில் பெண்ணின் உயிரணுக்களும் விந்தணுக்களும் கலந்திருக்கும். முதலில் சோப்புத்தன்மையுள்ள கரைசலும் புரதத்தை அரிக்கும் நொதியும் சேர்த்தால் பெண்ணின் உயிரணுக்கள் உடைந்துவிடும். விந்தணுவின் தலை கந்தகப் பிணைப்புகளால் கட்டப்பட்டது, அசையாது. அதைச் சுழற்றி அடியில் இறக்கி, மேல் நீரை எடுத்துவிட்டு, பிணைப்பை உடைக்கும் டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் ஆணின் டிஎன்ஏ தனியாக வரும். அவசரப்பட்டு மேல் நீரைச் சரியாகக் கழுவவில்லை என்றால் இரண்டும் கலந்துவிடும். வன்புணர்வு வழக்குகளில் இந்தப் பிரிப்புதான் பாதி வேலை.

பிறகு, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் நொதி. லைஃப்கோட்ஸ் பயன்படுத்தியது பிஎஸ்டி-1. நம் மரபணுத் தொகுப்பில் சில இடங்களில் ஒரே சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும், எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். வெட்டினால் துண்டுகளின் நீளமும் மாறும். துண்டுகளை அகரோஸ் கூழ்ப்பலகையில் மின்சாரம் செலுத்தி ஓடவிடுவார்கள். சிறியவை வேகமாக ஓடும், பெரியவை பின்தங்கும். அந்த வரிசையை அப்படியே நைலான் சவ்வுக்கு மாற்றி, கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய ஆய்வுத்துணுக்கை (தேடும் வரிசையில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ துண்டை) படியவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து உறைகுளிரில் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை வைப்பார்கள். ஃபிலிமைக் கழுவினால் இரண்டு கரும்பட்டைகள் தெரியும், ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. பிறகு சவ்வைக் கழுவி அடுத்த துணுக்கு, மறுபடி காத்திருப்பு. மூன்று நான்கு இடங்களைப் பார்த்து முடிக்க மாதங்கள் ஓடிவிடும்.

இதற்கு மாதிரி நிறைய வேண்டும். குறைந்தது 50 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு), நிம்மதியாகச் செய்ய அதைப்போல் பல மடங்கு. ஒரு விந்தணுவில் இருப்பது 3.3 பிகோகிராம் (நானோகிராமில் ஆயிரத்தில் ஒன்று ஒரு பிகோகிராம்), ஆக 50 நானோகிராமுக்கே 15,000 விந்தணுக்கள். திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய வரிசைகளை நகலெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் இன்றைய எஸ்டிஆர் முறைக்கு ஒரு நானோகிராமே தாராளம், அதாவது முந்நூறு விந்தணுக்கள். இன்னொரு வேறுபாடு: பழைய முறை ஆயிரக்கணக்கான எழுத்து (டிஎன்ஏ சங்கிலியின் ஒவ்வொரு அலகும் ஒரு எழுத்து) நீளமுள்ள முழுத் துண்டுகளைக் கேட்டது, இன்றைய முறை நூறிலிருந்து நானூற்றுச் சொச்சம் எழுத்துகளோடு முடித்துக்கொள்கிறது. ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவை நறுக்கிவிடும். முதலில் அழிவது நீளத் துண்டுகள். அப்போது மேல் பட்டை மறைந்து, இரண்டு பட்டை உள்ள ஆள் ஒரு பட்டை உள்ளவன் போலத் தெரிவான். அதனால்தான் காற்றில் உலர்த்திக் காகிதப் பையில் போடு என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். இன்னொரு தொல்லை பட்டை நகர்வு: உப்பு அதிகம், அழுக்கு அதிகம், அளவு அதிகம் என்று எது மாறினாலும் ஒரு பாதையின் பட்டைகள் எல்லாம் சற்று மேலோ கீழோ தள்ளிப்போகும். ஒரே துண்டை இரண்டு முறை அளந்தாலே சிறு வித்தியாசம் வரும். ஆகவே "ஒத்துப்போகிறது" என்பது இவ்வளவு இடைவெளிக்குள் இருந்தால் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்ட விதி. அந்த விதியை ஃபிலிமைப் பார்த்த பிறகு தளர்த்தினால் சோதனை போச்சு.

ஸ்பென்சர் வழக்கின் எண்ணுக்கு வருவோம். ஆர்லிங்டன் கொலையில் இந்தப் பட்டை அமைப்பு தற்செயலாக வேறொருவருக்குப் பொருந்த வாய்ப்பு 13.5 கோடியில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். ரிச்மண்டின் முதல் கொலையில் 70.5 கோடியில் ஒன்று, அதுவும் ஸ்பென்சர் சார்ந்த வட அமெரிக்கக் கறுப்பின மக்களைக் கணக்கில் வைத்து. அந்த மக்கள்தொகையில் ஆண்கள் சுமார் ஒரு கோடி என்பதும் சாட்சியத்தில் வந்தது. இந்த எண்ணை "அவன் நிரபராதியாக இருக்க 70.5 கோடியில் ஒரு வாய்ப்பு" என்று படிப்பது தவறு, வழக்கறிஞர்களே செய்கிற தவறு. எண் சொல்வது இவ்வளவுதான்: சம்பந்தமில்லாத ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அவர் பட்டைகள் பொருந்த எவ்வளவு வாய்ப்பு. மாதிரி மாறிப்போயிருக்குமா, ஆய்வகத்தில் தவறு நடந்திருக்குமா, அந்த ஆள் வேறு காரணத்துக்காக அங்கே போயிருப்பாரா என்பது எதுவும் அதில் அடங்காது. ஆய்வகப் பிழை ஆயிரத்தில் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், 70 கோடி என்ற எண்ணுக்கு நடைமுறையில் பொருளே இல்லாமல் போய்விடும்.

"சம்பந்தமில்லாத" என்ற சொல்லையும் கவனியுங்கள். கூடப்பிறந்தவர்கள் இருவருக்கு ஒரு இடத்தில் இரண்டு பட்டையும் ஒன்றாக அமைய குறைந்தபட்ச வாய்ப்பே நான்கில் ஒன்று. நான்கு இடங்கள் என்றால் 256இல் ஒன்று. கோடிகளில் பேசிய சோதனை, அண்ணன் தம்பி விஷயத்தில் நூற்றுக்கணக்குக்கு இறங்கிவிடுகிறது. சந்தேக நபருக்கு சகோதரர் இருந்தால், அவருடைய மாதிரியையும் எடுத்து விலக்குவதுதான் முறை. இன்று 20 இடங்களைப் பார்ப்பதால் இந்தக் கவலை பெருமளவு தீர்ந்துவிட்டது.

நீதிமன்றத்தில் என்ன குறை? ஸ்பென்சர் தரப்பு ஆய்வகத்தின் வேலைக் குறிப்புகளைக் கேட்டது, கிடைக்கவில்லை. எதிராகப் பேசக்கூடிய நிபுணரும் 1988இல் கிடைக்கவில்லை, துறையே அப்போதுதான் பிறந்திருந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் காஸ்ட்ரோ என்பவர் மீதான கொலை வழக்கில் அதே லைஃப்கோட்ஸின் ஃபிலிம்களைச் சுதந்திர விஞ்ஞானிகள் கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போகிறதா என்று முடிவு செய்ய ஒரு அளவுகோல், நிகழ்தகவு போட வேறொரு அளவுகோல் என்று தெரிந்தது. இருதரப்பு நிபுணர்களும் ஒன்றாக உட்கார்ந்து, இந்தத் தரவு நம்பத்தக்கதல்ல என்று கூட்டறிக்கை கொடுத்தார்கள். பொருத்தத்தைச் சாட்சியமாக ஏற்க நீதிபதி மறுத்தார். ஆனால் விலக்கும் முடிவை ஏற்கலாம் என்றார். முன்பு கவனிக்கச் சொன்னது இதைத்தான். பட்டை பொருந்தவில்லை என்று சொல்ல நிகழ்தகவுக் கணக்கே தேவையில்லை.

அப்படியானால் ஸ்பென்சர் மேல் வந்த தீர்ப்பு தவறா? என் மதிப்பீட்டில் இல்லை. தனித்தனி இடங்களில், தனித்தனி நாட்களில் எடுத்த கறைகள் ஒரே ஆளைக் காட்டின. ஆர்லிங்டன் வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடியோடு ஒத்த துகள்கள் அவன் மேலங்கியில் இருந்தன. விடுதிப் பதிவேடு, தாய் வீட்டு விடுமுறை, 1984க்கும் 1987க்கும் இடையிலான வெற்றிடம், எல்லாம் சோதனைக்கு முன்பே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு கறையில் ஆய்வகம் சறுக்கலாம். இத்தனையும் ஒரே ஆள் மேல் தற்செயலாகக் குவிவது நடக்காது. 1988 ஜூலையில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நான்கு கொலைகளிலும் தண்டனை விழுந்தது. உறுதியானது குற்றம், ஐயத்துக்குரியது அந்தக் கோடிக்கணக்கு. எண்ணை அடித்துவிட்டாலும் வழக்கு நிற்கும் என்பதுதான் முக்கியம்.

1984 கொலை வேறு வகை. அந்தக் கறையில் டிஎன்ஏ சோதனைக்குப் போதுமானது கிடைக்கவில்லை, முடிவு வரவில்லை. ஆகவே டிஎன்ஏவால் வாஸ்க்வெஸை விடுவிக்க முடியவில்லை. கொலை முறைகளை ஒப்பிட்ட எஃப்பிஐயின் ஆய்வும், ஒரே ஆள்தான் செய்திருக்க முடியும் என்ற அதன் முடிவும்தான் அவரைக் காப்பாற்றின. 1989 ஜனவரி 4 அன்று ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். டிஎன்ஏவால் விடுதலையான முதல் அமெரிக்கர் என்று சில இடங்களில் எழுதுவார்கள், கண்டிப்பாகச் சொன்னால் அது சரியில்லை. ஸ்பென்சரும் அந்தக் கொலைக்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. அவன்தான் செய்தான் என்பது வலுவான முடிவு, ஆனால் தீர்ப்பு அல்ல.

தண்டனை 1994 ஏப்ரல் 27 அன்று கிரீன்ஸ்வில் சிறையில் மின்சார நாற்காலியில் நிறைவேறியது. விஷ ஊசியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வர்ஜீனியாவில் அடுத்த ஆண்டுதான் வந்தது. உங்கள் "சரிதானா" என்ற கேள்விக்கு இந்த வழக்கை மட்டும் வைத்து விடை சொல்வது ஆபத்து. அன்றைய வர்ஜீனியாவில் தண்டனை விதித்து 21 நாட்களுக்குப் பிறகு புதிய சாட்சியத்தை நீதிமன்றம் பார்க்காது. அதே மாநிலத்தில் ஏர்ல் வாஷிங்டன், இவரும் அறிவு வளர்ச்சி குறைந்தவர், பொய் வாக்குமூலத்தின் பேரில் மரண தண்டனை பெற்று, 1985இல் நாள் குறிக்கப்பட்டு, ஒன்பது நாட்கள் இருக்கும்போது தப்பினார். டிஎன்ஏ அவரை முழுமையாக விடுவித்தது 2000இல். மறுபக்கம் ரோஜர் கோல்மன், கடைசிவரை நிரபராதி என்று சொல்லி 1992இல் மின்சார நாற்காலிக்குப் போனவர். 2006இல் மறுசோதனை செய்தபோது டிஎன்ஏ அவருடையதுதான் என்று வந்தது. நுட்பம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். யாருக்கு எப்போது சோதிக்க வாய்ப்பு கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம். வர்ஜீனியா 2021 மார்ச்சில் மரண தண்டனையையே ஒழித்துவிட்டது.

இன்று இதே கொலைகள் நடந்தால் கதை வேறு மாதிரி போகும். தண்டனை பெற்றவர்களின் டிஎன்ஏவைச் சேமிக்கும் சட்டத்தை 1989இல் அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் வர்ஜீனியாதான். திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற ஸ்பென்சரின் விவரம் அதில் இருந்திருக்கும், முதல் கொலைக்குப் பின் சில நாட்களில் பெயர் வந்து விழுந்திருக்கும். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் 2009 வரை நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்து, அப்படி ஒரு கொலைகாரியைத் தேடினார்கள். கடைசியில் அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. கிருமி நீக்கப்பட்ட குச்சி என்றால் டிஎன்ஏ நீக்கப்பட்ட குச்சி என்று பொருளில்லை. சோதனை நுட்பமாக ஆக ஆக, சம்பந்தமில்லாத டிஎன்ஏவையும் அது பிடித்துக் காட்டும். எனவே எந்த டிஎன்ஏ வழக்கைப் படித்தாலும் முதலில் பாருங்கள்: டிஎன்ஏ எந்த உயிரணுவிலிருந்து வந்தது, விந்துவா, ரத்தமா, தொட்டதில் ஒட்டிய தோலா? எவ்வளவு கிடைத்தது? அதைத் தவிர வேறு என்ன அந்த ஆளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? ஸ்பென்சர் வழக்கில் மூன்றுக்கும் நல்ல விடை இருந்தது. நிறைய வழக்குகளில் மூன்றாவதற்கு விடையே இருக்காது.